பொங்காத அரிசி

ஏழு வருசத்துக்குப் பிறகு திருப்பி அனுப்பினார்கள்.
ஒரு தோள்பையோடு வந்து இறங்கினார்.
இரண்டு சேட்டு, தடுப்பு முகாம் தாள்,
முடிச்சுப் போட்ட பொலித்தீனில்
இரண்டு கிலோ அரிசி.

ரங்கூன் அரிசி மூட்டை மூட்டையாய்
பாய்க்கப்பலில் வந்து இறங்கிய துறை இது.
வல்வெட்டித்துறையில் இன்றைக்கும்
கப்பலின் பெயரோடு கணக்குச் சொல்வார்கள்.
இரண்டு கிலோவோடு வந்தவர்
இவர் ஒருவராய்த்தான் இருக்கும்.

சுண்ணாம்பு வெள்ளை. மணிக்கு மணி குண்டு.
"உலையிலை போடாதை, குகா.
இரவு ஊறவிட்டு ஆவியிலை வை."
எதிலை என்று கேட்டேன்.
காற்றில் ஒரு கூம்பு வரைந்தார்.
"அடி கூர், வாய் அகலம்,
மூங்கிலாலை பின்னியிருப்பினம், அங்கை..."

ஆணியில் தொங்கிய நீத்துப்பெட்டியைக்
கழற்றி நீட்டினேன்.
வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
ஏழு வருசம் பாங்கொக் சந்தைகளில்
தெரிந்த முகம் ஒன்றைக் கண்டு
ஆர் எண்டு பிடிபடாமல்
நடந்து போயிருக்கிறார் மனுசன்.

அன்றிரவு அதிலேயே அவித்தோம்.
பிட்டு உதிர வேண்டும். இது உதிராது.
ஒரு பிடி கிள்ளி, உள்ளங்கையில் உருட்டி,
கட்டைச் சம்பலில் தொட்டு எனக்குத் தந்தார்.
மகனுக்கும் நீட்டினார்.
ஆரூரன் பள்ளிக்கூடக் கொப்பியைப் பார்த்தபடி
"எனக்குப் பசிக்கேல்லை" என்று
என்னிடம் சொன்னான்.
ஒன்பது வயது. இரண்டு வயதில் விட்டுப்போன ஆளை
இன்னும் "அவர்" என்கிறான்.

ஒரு கூட்டுக்குள் நாற்பது பேராம்.
புன்மி என்றொரு லாவோஸ்காரன்
மனைவி கொடுத்துவிடுகிற உருண்டையை
நகத்தால் எட்டாய்ப் பிரிப்பானாம்.
வியட்நாம்காரிக்கு அவர்கள் வருசப்பிறப்பன்று
இலையில் சதுரமாய்க் கட்டி வந்ததாம்,
உள்ளே பயறு. "எங்கடை மோதகம்தான்,
மூலை வைச்சது."
பிறகு பேசவில்லை.
விரலிடுக்கில் ஒட்டியதை
ஒவ்வொன்றாய்த் தின்றார்.

பொங்கலன்று பிழை விட்டது நான்தான்.
பால் கிழக்கே வழிந்தது, வெடி கொளுத்தியாச்சு,
பச்சையரிசி குறைவாயிருந்தது.
அவரைக் கேளாமல் இரண்டு சுண்டு
அதிலிருந்து அள்ளிப் போட்டேன்.
கொஞ்ச நேரத்தில் அகப்பை
பிடிக்காமலே நின்றது.
மச்சாள் எட்டிப் பார்த்து,
"இது புக்கையோ, பூசுற சாந்தோ?"

அவர் சிரித்தார்.
வந்த பிறகு முதல் தரம்.
"சாந்துதான். சீனத்திலை சுண்ணாம்போடை
இதைக் குழைச்சு மதில் கட்டினவங்களாம்.
சூரியனுக்கு மதில் கட்டிப்போட்டாய்."

மத்தியானம் கடற்கரையில் பட்டப்போட்டி.
வாடைக்காற்று ஈரம்.
ஆரூரனின் பெட்டிப்பட்டத்தில்
கோதுமைமாப் பசை விட்டுவிட்டது,
தாள் படபடவென்று அடிக்கிறது.
அடுப்படி வாசலில் வந்து நின்றான்.
"அம்மா, உந்தப் புக்கையிலை கொஞ்சம்."
"சக்கரை போட்டது, எறும்பு வரும்."
"மேலை எறும்பு வராது."

அவர் ஒன்றும் சொல்லாமல்
சக்கரை போடாத அடிப்பிடிப்பைச் சுரண்டி
சிரட்டையில் வைத்து நசித்தார்.
ஒருவர் தாளை இழுத்துப் பிடிக்க
ஒருவர் பெருவிரலால் தேய்க்க
இரண்டு தலையும் முட்டிக்கொண்டன.
நான் பானையைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

பட்டம் ஏறியது. விண் கூவியது.
பரிசு ஒன்றுமில்லை.
நாலு மணிக்கு நூல் அறுந்து
கடலில் விழுந்தது.
கழுத்தளவு தண்ணீரில் போய்
மட்டையை மட்டும் தூக்கி வந்தான்.
தாள் கரைந்திருந்தது.
மூலைகளில் மட்டும்
கிழிந்த சிவப்பு, கிழிந்த பச்சை,
பிய்க்கப் பிய்க்க வரவில்லை.

இரவு, தலை துவட்டாமல்,
யாரைப் பார்த்தும் இல்லாமல் கேட்டான்:
"உந்த அரிசி இன்னும் எத்தனை சுண்டு கிடக்கு?"
"அஞ்சு," என்றார் அவர்.
கொஞ்சம் கணக்குப் பார்த்தான்.
"வாற தைக்குக் காணும்."

பானை மூன்று நாள் ஊறியது.
அகப்பையை இன்னும்
எடுக்க முடியவில்லை.